ஓசூர் ரோடு, மூன்று மந்திரிகள், ஒரு கையெழுத்து

கெலமங்கலம் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு முதலில் வழி சொல்லிவிடலாம். ஓசூருக்கும் ராயக்கோட்டைக்கும் நடுவில், தேன்கனிக்கோட்டை தாலுகாவில் இருக்கும் ஒரு பேரூராட்சி. பெங்களூர்–சேலம் ரயில் பாதையில் இந்தப் பெயரில் ஒரு ஸ்டேஷனும் உண்டு. பல வீடுகளில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், சந்தையில் கன்னடம், பக்கத்துத் தெருவில் உருது. இந்த நாலையும் அரைகுறையாகவாவது பேசத் தெரியாதவர் இங்கே பெட்டிக்கடை கூட வைக்க முடியாது. பக்கத்தில் டாடா எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை வந்த பிறகு இந்தியும் சேர்ந்துகொண்டது.

இந்த ஊர்ப் பெண் ஒருத்தி க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகியே தீருவேன் என்று கிளம்பிய கதை இது. பெயர் வேண்டாம். அப்பா தக்காளி போடுகிறவர். ராயக்கோட்டை மார்க்கெட்டில் ஒரு கிரேட்டு என்ன விலைக்குப் போனது என்பதை வைத்துத்தான் அந்த வீட்டில் அடுத்த மாதம் எப்படி ஓடும் என்று தெரியும்.

அவளுக்கு இந்த ஆசை வந்ததற்குக் காரணம் அவளுடைய பின்னி மகன். (தெலுங்கு பேசும் வீடுகளில் சித்தியைப் பின்னி என்றுதான் கூப்பிடுவார்கள்.) பையனுக்கு அப்போது ஏழு வயது. பேச்சு தாமதம், எழுத்து சுத்தமாக ஏறவில்லை. பள்ளிக்கூடத்து டீச்சர் ஒரு சான்றிதழ் வாங்கி வரச் சொன்னார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்த பிறகு 21 வகைக் குறைபாடுகளுக்குச் சான்றிதழ் தருகிறார்கள். அறிவுத்திறன் குறைபாடு அதில் ஒன்று. அந்தச் சான்றிதழுக்கு ஒரு பரிசோதனை செய்ய வேண்டும், அதைச் செய்யப் பயிற்சி பெற்ற உளவியலாளர் வேண்டும். உதவித்தொகையோ, அடையாள அட்டையோ, பரீட்சையில் சலுகையோ எதுவானாலும் அதன் பிறகுதான்.

பின்னி பையனைத் தூக்கிக்கொண்டு ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்த இவள் துணைக்குப் போனாள். பரிசோதனை செய்த பெண்ணுக்குத் தமிழ் கொஞ்சம் வரும், தெலுங்கு வராது. படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டாள். பையன் "ஆவு" என்றான். தெலுங்கில் ஆவு என்றால் பசு. அந்தப் பெண்ணுக்கு அது ஏதோ சத்தமாகத்தான் கேட்டிருக்கிறது. தாளில் ஒன்றும் எழுதாமல் அடுத்த படத்துக்குப் போய்விட்டாள். ஓரத்தில் நின்றிருந்த இவளுக்கு வாயைத் திறக்கப் பயம். கடைசியில் ஒரு எண் வந்தது. அந்த எண் உண்மையா, பொய்யா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அன்று அந்தப் பெண்ணின் மேல்தான் இவளுக்குக் கோபம். படிக்கப் படிக்கத்தான், அந்த மேஜைக்குப் பின்னால் எத்தனை பேர் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று புரிந்தது.

சரி, அந்த மேஜைக்குப் பின்னால் போவோம்.

சைக்கியாட்ரிஸ்ட் எம்.பி.பி.எஸ். படித்து, மேலே மனநல மருத்துவம் படித்தவர். மாத்திரை எழுதுவார். க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது மருத்துவ உளவியலாளர், உளவியலில் முதுகலை படித்து, அதன் மேல் ஆஸ்பத்திரியில் முழுநேரப் பயிற்சி எடுத்தவர். மாத்திரை எழுத மாட்டார். பரிசோதனை செய்வார், பேச்சு வழியாகச் சிகிச்சை தருவார். எம்.எஸ்ஸி. சைக்காலஜி முடித்தவுடன் போர்டு மாட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இன்னும் நிறைய. மாட்டக் கூடாது. இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் என்று ஒன்று இருக்கிறது, சுருக்கமாக ஆர்.சி.ஐ. அதன் பதிவேட்டில் பெயர் ஏறாமல் இந்தத் தொழிலைச் செய்தால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 1992-ம் வருடச் சட்டம் சொல்கிறது. (ஆயிரம் ரூபாய்! ஹெல்மெட் போடாவிட்டாலும் இப்போது அதே ஆயிரம்தான்.)

மறுவாழ்வுக் கவுன்சிலுக்கும் மனநோய்க்கும் என்ன சம்பந்தம்? நியாயமான கேள்விதான். 1992 சட்டம் மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை செய்யும் தொழிலாளர்களை முறைப்படுத்த வந்தது. செவித்திறன் நிபுணர், சிறப்பாசிரியர், செயற்கைக் கால் செய்பவர் என்று போகிற பட்டியலில் மருத்துவ உளவியலாளரையும் சேர்த்தார்கள். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளைப் பரிசோதிப்பவர் அவர்தானே என்ற கணக்கு. அதனால் மனச்சோர்வுக்கும் மனச்சிதைவுக்கும் சிகிச்சை தரும் ஒருவருடைய உரிமம், டெல்லியில் சமூக நீதி அமைச்சகத்தின் கீழ் இருக்கும் கவுன்சிலிடமிருந்து வருகிறது. அந்தக் கவுன்சிலில் எம்.பி.க்கள் மூன்று பேருக்குக்கூட இடம் உண்டு.

உரிமம்தான் அங்கே. பட்டம் வேறு இடம். பட்டம் தருவது பல்கலைக்கழகம், அதற்கு மேல் யு.ஜி.சி., அது கல்வி அமைச்சகம். பயிற்சி நடப்பதோ ஆஸ்பத்திரி வார்டில். அது சுகாதாரத் துறை, சில இடங்களில் மத்திய அரசு, சில இடங்களில் மாநில அரசு, பல இடங்களில் தனியார். ஆக ஒரு மாணவிக்கு மூன்று மந்திரிகள். ஒரு வீட்டு மருமகளுக்கு மூன்று மாமியார் இருந்தால் சமையல் எப்படி இருக்கும்? ஒருவர் உப்பு போடு என்பார், ஒருவர் போடாதே என்பார், மூன்றாமவர் அடுப்பையே மாற்று என்பார். கிட்டத்தட்ட அதுதான் நடந்தது. அதற்குக் கொஞ்சம் பழைய கதை தேவைப்படுகிறது.

ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு என்று பஸ்ஸில் போய்க்கொண்டே இருந்தால் அதே ஓசூர் ரோட்டில்தான் நிம்ஹான்ஸ் வரும். கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்து ஜனங்களுக்கு மனநலம் என்றால் அந்த ஊர்தான். சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கிற, 1794-ல் தொடங்கிய மனநல மருத்துவமனை இவர்களுக்கு முந்நூறு கிலோமீட்டர் தள்ளி. பெங்களூரில் மைசூர் அரசின் மனநல ஆஸ்பத்திரி இருந்த வளாகத்தில் 1954-ல் அகில இந்திய மனநல நிறுவனம் தொடங்கியது. முதல் இயக்குநர் டாக்டர் எம்.வி. கோவிந்தஸ்வாமி. 1955-ல் அங்கே மருத்துவ உளவியலில் ஒரு டிப்ளமோ ஆரம்பித்தார்கள். இந்த நாட்டில் இந்தத் தொழிலுக்கான முறையான பயிற்சி அங்கிருந்துதான் கிளம்பியது. 1962-ல் ராஞ்சியில் இன்னொன்று. 1974-ல் ஆஸ்பத்திரியும் நிறுவனமும் இணைந்து நிம்ஹான்ஸ் ஆனது. 1994-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். 2012-ல் நிறைவேறிய சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம். இடையில் அந்த டிப்ளமோ எம்.ஃபில். ஆக மாறியது.

இங்கேதான் சிக்கலின் விதை. மற்ற பாடங்களில் எம்.ஃபில். என்றால் பி.எச்டி.க்கு முன்னால் ஒரு ஆராய்ச்சிப் படிப்பு. லைப்ரரியில் உட்கார்ந்து எழுதலாம். க்ளினிக்கல் சைக்காலஜியில் எம்.ஃபில். என்பது பெயர் மட்டும்தான். உள்ளே இருப்பது இரண்டு வருடம் முழுநேர ஆஸ்பத்திரி வேலை. காலையில் புறநோயாளிகள், பிறகு வார்டு, பிறகு கேஸ் விவாதம், ராத்திரி அறிக்கை எழுதுவது. முதல் வருடம் பரிசோதனை அறிக்கைகள், இரண்டாம் வருடம் சிகிச்சை அறிக்கைகள், கூடவே ஓர் ஆய்வேடு. எல்லாம் ஒரு மேற்பார்வையாளரின் கண் முன்னால். ஒரு கல்லூரியில் எத்தனை தகுதியான ஆசிரியர் இருக்கிறாரோ அதைப் பொறுத்துத்தான் ஆர்.சி.ஐ. இடங்களை அனுமதிக்கும். நூறு பேரை ஹாலில் உட்கார வைத்து நடத்தும் படிப்பு இல்லை இது.

இதை அப்பாவுக்குப் புரிய வைக்க அவள் பட்ட பாடு தனி. "சூப்பர்வைசர் கூடவே இருப்பாருப்பா" என்றால், அவர் மனசில் வருவது ஓசூர் சிப்காட்டில் விசில் ஊதுகிற சூப்பர்வைசர். "ரெண்டு வருஷமும் ஒருத்தர் பின்னாடியே நின்னு பாத்துட்டிருப்பாரா? அப்ப நீ எப்பம்மா சொந்தமா வேலை பாப்ப?"

அதற்கு அவள் சொன்ன பதில் நல்ல பதில்: "தப்பு பண்ணா பொருள் வீணாப் போகாதுப்பா, ஆள் வீணாப் போயிடும். அதான்."

எம்.எஸ்ஸி. இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது இடி விழுந்தது. 2020 தேசியக் கல்விக் கொள்கை எம்.ஃபில். வேண்டாம் என்று சொல்லியிருந்தது. 2022 நவம்பரில் யு.ஜி.சி. புதிய பி.எச்டி. விதிகளைக் கொண்டுவந்து எம்.ஃபிலை எடுத்துவிட்டது. 2023 டிசம்பர் கடைசியில், எம்.ஃபில். அங்கீகாரம் பெற்ற பட்டம் அல்ல, யாரும் சேர்க்காதீர்கள், யாரும் சேராதீர்கள் என்று கடுமையாக ஓர் அறிவிப்பு. ஆராய்ச்சி எம்.ஃபிலை ஒழிக்க எறிந்த கல், பெயர் ஒன்றாக இருந்ததால், ஆஸ்பத்திரிப் பயிற்சியின் மண்டையிலும் விழுந்தது.

இதில் இன்னொரு வேடிக்கை. 2017-ல் இதே நாடாளுமன்றம் இயற்றிய மனநலப் பராமரிப்புச் சட்டம், மருத்துவ உளவியலாளர் என்றால் யார் என்று விளக்கம் சொல்கிறது. அதில் எம்.ஃபில். என்ற சொல்லே எழுதப்பட்டிருக்கிறது. உளவியலில் முதுகலை, அதற்கு மேல் மேற்பார்வையுடன் இரண்டு வருட முழுநேர எம்.ஃபில்., ஆர்.சி.ஐ. அங்கீகாரம். ஒரு மந்திரியின் சட்டம் கேட்கிற பட்டத்தை இன்னொரு மந்திரியின் விதி செல்லாது என்கிறது. நடுவில் கெலமங்கலத்தில் ஒரு பெண் நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

அந்த மூன்று வாரம் அவள் சரியாகத் தூங்கவில்லை. பொங்கலை ஒட்டி, 2024 ஜனவரி நடுவில், யு.ஜி.சி. இறங்கி வந்தது. க்ளினிக்கல் சைக்காலஜி, சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க் என்ற இரண்டு எம்.ஃபில்.களுக்கு மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை சேர்க்கை உண்டு. காரணம் சொல்லும்போது மனநலத் துறையில் அந்தப் படிப்புகளின் பங்கைக் குறிப்பிட்டிருந்தார்கள். இந்தப் பங்கு மூன்று வாரத்துக்கு முன்னால் ஏன் தெரியவில்லை என்று கேட்கக் கூடாது.

பிறகு ஆர்.சி.ஐ. ஒரு புது அடுக்கைக் கொண்டுவந்தது. க்ளினிக்கல் சைக்காலஜியில் நாலு வருட பி.எஸ்ஸி. ஆனர்ஸ், அதற்கு மேல் எம்.ஏ., உச்சியில் சை.டி., அதாவது டாக்டர் ஆஃப் சைக்காலஜி. சை.டி. இந்தியாவுக்கு முழுக்கப் புதிதல்ல, காந்திநகர் தடய அறிவியல் பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே நடந்ததுதான். உலகத்துக்கும் புதிதல்ல. அமெரிக்காவில் 1949-ல் போல்டர் நகரத்தில் ஒரு மாநாடு கூடி, மருத்துவ உளவியலாளர் விஞ்ஞானியாகவும் இருக்க வேண்டும், சிகிச்சை தருபவராகவும் இருக்க வேண்டும், ஆகவே பி.எச்டி. படிக்கட்டும் என்று முடிவெடுத்தது. ஆராய்ச்சி பாதி நேரத்தைத் தின்றுவிடுகிறது என்று புலம்பல் கிளம்ப, 1968-ல் இலினாய்ஸ் பல்கலைக்கழகம் சிகிச்சைக்கே முதலிடம் தரும் சை.டி.யைத் தொடங்கியது. 1973-ல் வேல் நகரத்து மாநாடு அதை ஏற்றுக்கொண்டது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. டாக்டர் பட்டம் கூட கிடைக்கும். ஆனால் தக்காளிக்காரர் கணக்கு வேறு. சை.டி. எம்.ஃபிலைவிட நீண்டது. அந்த வருடங்களுக்குச் சம்பளம் யார் தருவார்கள்? அரசு நிறுவனங்கள் சிலவற்றில் எம்.ஃபில். பயிற்சிக்கு உதவித்தொகை உண்டு, தனியாரில் நாம்தான் கட்ட வேண்டும். இங்கிலாந்தில் மூன்று வருட க்ளினிக்கல் சைக்காலஜி டாக்டரேட் படிப்பவர் பெரும்பாலும் அரசு சுகாதாரச் சேவையின் ஊழியராகவே சேர்க்கப்படுகிறார். படிக்கும்போதே மாதச் சம்பளம். ஆறேழு வருடம் படித்த பிள்ளைக்கு அது பிச்சை இல்லை, அவர்கள் வார்டில் வேலை பார்க்கிறார்கள், அதற்குக் கூலி. இங்கேயும் பயிற்சியாளர்கள் வார்டில் வேலைதான் பார்க்கிறார்கள்.

அந்த நாட்டுப் படிப்புகளில் அவளை அதிகம் யோசிக்க வைத்தது சம்பளம் அல்ல, இன்னொன்று. பயிற்சிக்கு அனுமதி தரும் ஒழுங்காற்று அமைப்பு, சேவை பெற்றவர்களும் அவர்களைப் பராமரிப்பவர்களும் படிப்பை நடத்துவதில் பங்கெடுக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்திருக்கிறது. நோயாளியாக இருந்தவர் பாடம் எடுக்கிறார், மாணவர் தேர்வில் உட்காருகிறார், கமிட்டியில் பேசுகிறார். எல்லாக் கல்லூரியிலும் அது உண்மையாக நடக்கிறதா, கையெழுத்துக்காக ஒருவரை அழைத்து டீ கொடுத்து அனுப்புகிறார்களா என்பது வேறு விஷயம். நாற்காலி ஒன்று இருக்கிறது. நம் 2017 சட்டத்திலும் மாநில மனநல ஆணையத்தில் மனநோயால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் பராமரிப்பவர்களுக்கும் இடம் உண்டு. ஆனால் பயிற்சித் திட்டத்தின் கமிட்டியில்? தான் சேர்ந்த கல்லூரியின் கையேட்டை அவள் இரண்டு முறை புரட்டிப் பார்த்தாள். துறைத் தலைவர், பல்கலைக்கழகப் பிரதிநிதி, வெளித் தேர்வாளர், மனநல மருத்துவர். பின்னி மாதிரி ஒருத்தி உட்கார இடம் இல்லை. இருந்திருந்தால் முதல் கூட்டத்திலேயே கேட்டிருப்பாள், எங்க பாஷை தெரிஞ்ச ஆள் யாராவது இருக்கீங்களா என்று.

மூன்று மந்திரிகளின் விதிகளிலும் விழாத கேள்வி அது. எத்தனை புத்தகம், எத்தனை அறை, எத்தனை ஆசிரியர், எவ்வளவு வருகைப் பதிவு எல்லாம் இருக்கிறது. சேர்க்கை பல இடங்களில் அகில இந்திய அளவில், வகுப்பு ஆங்கிலத்தில். நோயாளி மட்டும் உள்ளூர்.

பரிசோதனைகளின் கதையும் இதேதான். இன்றும் பல இடங்களில் குழந்தைகளுக்குக் கொடுக்கும் பினே–காமத் பரிசோதனை 1930-களில் தார்வாடில் வி.வி. காமத் கன்னட, மராத்திக் குழந்தைகளுக்காக உருவாக்கியது. இன்னொன்றான மாலின் பரிசோதனை 1969-ல் நாக்பூரில் வெளியானது. வீட்டில் தெலுங்கு பேசி, தமிழ் மீடியத்தில் படித்து, கன்னடத்தில் சில்லறை எண்ணுகிற ஒரு கெலமங்கலம் பையனை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளவும் முடியாது, ஒவ்வொரு எல்லை ஊருக்கும் ஒரு பரிசோதனை செய்ய முடியுமா? அப்படியென்றால் பரிசோதிப்பவர்தான் அந்த இடைவெளியைக் கவனிக்க வேண்டும். கவனிக்க யார் கற்றுக் கொடுப்பது? சட்டமா?

நிம்ஹான்ஸ் 2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது. நோய்க்குத் தக்கபடி 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சை பெறவில்லை. 2022 அக்டோபரில் டெலி மானஸ் தொலைபேசிச் சேவை வந்தது, 14416. கிருஷ்ணகிரியில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். வரட்டும், எல்லாம் நல்லதுதான். ஆனால் மருத்துவ உளவியலாளரைப் போனிலோ கட்டடத்திலோ உருவாக்க முடியாது. ஒரு மேற்பார்வையாளர் சில மாணவர்களைத்தான் உருவாக்க முடியும். அதனால்தான் இந்தக் கதவு குறுகல். கதவை அகலப்படுத்துகிறேன் என்று மேற்பார்வையைக் குறைத்தால், "ஆவு" கேட்காத காதுகள்தான் அதிகமாகும். குறைக்காமல் அகலப்படுத்த வேண்டுமென்றால் முதலில் மேற்பார்வையாளர்களை உருவாக்க வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். படிப்பின் பெயரை எம்.ஃபில். என்று வைப்பதா, சை.டி. என்று வைப்பதா என்று மூன்று அமைச்சகங்களும் கடிதம் எழுதிக்கொள்வதற்குச் செலவு ரொம்பக் கம்மி.

அவளுக்கு 2024-ல் வெளியூர் தனியார் கல்லூரி ஒன்றில் எம்.ஃபில். இடம் கிடைத்தது. அந்த வருடம் தக்காளி காப்பாற்றியது என்றுதான் வீட்டில் சொல்கிறார்கள், பாதிக்குக் கடன் இருந்தது.

சேர்ந்த சில வாரத்தில் அவளிடம் ஒரு குழந்தை வந்தது. ஐந்து வயதுப் பெண். ஆந்திரப் பக்கத்திலிருந்து கூலி வேலைக்கு வந்த குடும்பம். வீட்டில் தெலுங்கு, அங்கன்வாடியில் தமிழ். அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம், இதற்காகத்தானே வந்தோம் என்று. கேள்விகளைத் தெலுங்கில் அவளே மொழிபெயர்த்துக் கேட்டாள். குழந்தை பாதி தெலுங்கில், பாதி தமிழில் பதில் சொல்லியது. எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டு, ராத்திரி உட்கார்ந்து அழகாக அறிக்கை எழுதி, மேற்பார்வையாளர் மேஜையில் வைத்தாள். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தாள்.

மறுநாள் அறிக்கை திரும்பி வந்தது. கையெழுத்து இல்லை. பக்கம் பக்கமாகச் சிவப்பு மை. இந்தக் கேள்வியைத் தெலுங்கில் எந்த வார்த்தையில் கேட்டாய்? அந்த வார்த்தை மூலக் கேள்வியைவிடச் சுலபமா, கஷ்டமா? மொழிபெயர்த்த கேள்விக்குப் பழைய மதிப்பெண் பட்டியல் பொருந்தும் என்று யார் சொன்னது? குழந்தை தமிழில் சொன்ன பதிலுக்கும் அதே மதிப்பெண்ணா? அம்மா எத்தனை நாள் கூட இருக்கிறாள்? அங்கன்வாடி டீச்சரிடம் பேசினாயா? கடைசிப் பக்கத்தில், எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, "இது இந்தக் குழந்தையின் எண்ணா, உன் தெலுங்கின் எண்ணா?" என்று எழுதியிருந்தது.

மேற்பார்வையாளருக்குத் தெலுங்கு தெரியாது. பாலக்காட்டுக்காரர்.

வியாழக்கிழமை குழந்தையை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு வேறு. இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வராந்தாவில் நின்றாள். அப்புறம் நம்பரை அழுத்தி, தெலுங்கில், "அக்கா, நேனு ஆஸ்பத்திரி நுஞ்சி மாட்லாடுதுன்னானு" என்று ஆரம்பித்தாள்.